கிரெடிட் எந்தப் பக்கம்?

பி.காம். படித்தவனிடம் 'கிரெடிட்' என்று சொல்லிப் பாருங்கள். கண் தானாக வலது பக்கம் போகும். இடது பக்கம் டெபிட், வலது பக்கம் கிரெடிட். மூன்று வருஷம் படித்ததில் இன்று வரை மறக்காதது அது ஒன்றுதான். மளிகைக் கடைக்காரரிடம் சொன்னால் 'இன்று ரொக்கம், நாளை கடன்' போர்டைக் காட்டுவார். பாங்க்கில் சொன்னால் ஒரு கார்டை நீட்டிவிட்டு, அப்புறம் மாசா மாசம் போனில் நலம் விசாரிப்பார்கள்.

கலிஃபோர்னியாவில் என் அக்கா வீட்டில் சொன்னால்? தட்டில் இருக்கிற தோசை ஆறிப் போகும். அந்த அளவுக்குச் சண்டை!

பிப்ரவரி மாதம் அங்கே மூன்று வாரம் இருந்தேன். கோல்டன் கேட் பாலம் பார்த்தது ஒரு மணி நேரம். பாக்கி நேரமெல்லாம் அக்கா பெண்ணின் இங்கிலீஷ் பரீட்சைக்குப் பஞ்சாயத்து.

விஷயம் இதுதான். அமெரிக்கப் பள்ளிகளில் 'அட்வான்ஸ்டு ப்ளேஸ்மென்ட்' என்று ஓர் ஏற்பாடு. சுருக்கமாக ஏ.பி. காலேஜ் போர்டு என்ற அமைப்பு 1950களிலிருந்து நடத்தி வருகிறது. கல்லூரி முதல் வருஷப் பாடத்தைப் பள்ளியிலேயே படித்து, மே மாதம் பரீட்சை எழுத வேண்டும். ஜூலையில் ரிசல்ட். மார்க் 1 முதல் 5 வரை. மூன்றோ அதற்கு மேலோ வாங்கினால், பல கல்லூரிகள் 'சரி, இந்தப் பாடத்தை நீ ஏற்கெனவே முடித்ததாக வைத்துக்கொள்கிறோம்' என்று கணக்கில் வரவு வைக்கும். இதுதான் காலேஜ் கிரெடிட். கணக்கு, பெளதிகம், சரித்திரம் என்று சுமார் நாற்பது பாடங்கள் இப்படி உண்டு.

இங்கிலீஷில் மட்டும் இரண்டு. ஒன்று, லாங்குவேஜ் அண்ட் காம்போஸிஷன். இன்னொன்று, லிட்டரேச்சர் அண்ட் காம்போஸிஷன். வீட்டில் செல்லமாக லாங், லிட்.

பெரும்பாலான பிள்ளைகள் பதினொன்றாவதில் லாங், பன்னிரண்டாவதில் லிட் என்று வரிசையாக எடுப்பார்கள். அக்கா பெண் பதினொன்றாவதில் கெமிஸ்ட்ரி, சரித்திரம் என்று வேறு ஏ.பி.க்களில் தலையைக் கொடுத்துவிட்டு, இங்கிலீஷில் சாதா வகுப்போடு நின்றுவிட்டாள். இனி பாக்கி ஒரே வருஷம். டைம் டேபிளில் இங்கிலீஷுக்கு ஒரே பீரியட். லாங்கா, லிட்டா? படிவத்தில் 'டிக்' அடித்து, பெற்றோர் கையெழுத்தோடு பள்ளியில் கொடுக்க வேண்டும்.

அவள் லிட் என்றாள். அத்தான் லாங் என்றார். அக்கா, 'சாப்பிட்டுட்டுப் பேசுங்களேன்' என்றாள்.

அத்தான் சாஃப்ட்வேர்க்காரர். கொஞ்ச நாள் முன்னால் ஆள் குறைப்பில் மாட்டி, நாலரை மாசம் வீட்டில் இருந்தவர். இப்போது வேறு கம்பெனி, குறைந்த சம்பளம். ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போகும்போது லைட்டை அணைத்துக்கொண்டே போவார். உள்ளே நான் உட்கார்ந்திருந்தாலும் சரி!

''மாப்ளே, நீ காமர்ஸ். உணர்ச்சிவசப்படாம கணக்குப் போட்டுச் சொல்லு. எதை எடுத்தா காலேஜ் ஃபீஸ்லே எவ்வளவு மிச்சம்?'' என்றார்.

நானும் பேப்பர், பென்சில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

* * *

முதலில் சரக்கைப் பார்க்க வேண்டாமா? இரண்டு பாடத்தின் பழைய கேள்வித்தாள்களையும் பார்த்தேன். கட்டுரைக் கேள்விகளைக் காலேஜ் போர்டே இலவசமாக வெளியிடுகிறது.

வெளித் தோற்றத்தில் இரண்டும் அண்ணன் தம்பி. முதல் ஒரு மணி நேரம் 'சரியான விடையைத் தேர்ந்தெடு'. லாங்கில் 45 கேள்வி, லிட்டில் 55. அதற்கு 45 சதவிகிதம் மதிப்பு. அப்புறம் மூன்று கட்டுரை, 55 சதவிகிதம். ஒவ்வொரு கட்டுரைக்கும் 6 மார்க். லாங் மொத்தம் மூன்றேகால் மணி நேரம், லிட் மூன்று மணி. 2025 மே முதல் இரண்டுமே கம்ப்யூட்டரில்தான். கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருப்பவர்கள் தப்பித்தார்கள்.

உள்ளே போனால்தான் குணம் தெரிகிறது.

லாங்கில் கதை, கவிதை கட்டுரைக்கு வராது. முதல் கட்டுரைக்கு ஆறேழு ஆவணங்களைக் கொடுத்துவிடுவார்கள். பத்திரிகைக் கட்டுரை, புள்ளிவிவரப் படம் என்று கலந்து கட்டி. குறைந்தது மூன்றையாவது பயன்படுத்தி உன் கட்சியைச் சொல்ல வேண்டும். 2019ல் காற்றாலை அமைப்பது பற்றிக் கேட்டிருந்தார்கள். இரண்டாவது, ஒருவர் பேசியதையோ எழுதியதையோ கொடுத்து, 'இந்த ஆள் எப்படி நம்மை வழிக்குக் கொண்டுவருகிறார், பிரித்துக் காட்டு' என்பார்கள். மூன்றாவது, ஒரு கருத்தைக் கொடுத்து, நீயே வாதாடு. சுருக்கமாகச் சொன்னால், பாதி வக்கீல் ஆபீஸ், பாதி பட்டிமன்றம்.

அதே 2019ல் இரண்டாவது கேள்வியாக வந்தது யார் தெரியுமா? நம் மகாத்மா! உப்பு யாத்திரைக்கு முன்னால், 1930 மார்ச்சில் அவர் வைஸ்ராய் இர்வினுக்கு எழுதிய கடிதத்தின் ஒரு பகுதி. இதை அத்தானிடம் காட்டியதும் அவருக்கு ஒரே குஷி. ''பாரு, காந்தியே லாங் பக்கம்!''

அந்தக் கடிதத்தை முழுசாகத் தேடிப் படித்தேன். பிரமாதமான கடிதம். சட்டத்தை மீறப் போகிறேன் என்று சொல்ல வந்தவர், எதிராளியை நண்பராக விளித்தே ஆரம்பிக்கிறார். நடுவில் கணக்கு வருகிறது. வைஸ்ராய் சம்பளம் மாசம் 21,000 ரூபாய், அதாவது ஒரு நாளைக்கு 700 ரூபாய்க்கு மேல். சராசரி இந்தியனின் வருமானம் நாளைக்கு இரண்டணாவுக்கும் குறைவு. ஐயாயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம்! அதையும் திட்டிச் சொல்லவில்லை, பணிவாக எடுத்து வைக்கிறார். பி.காம். படித்தவனுக்கு இதைவிடச் சந்தோஷம் உண்டா?

இனி லிட். முதல் கட்டுரைக்கு ஒரு கவிதை. இரண்டாவதுக்கு ஒரு நாவலிலிருந்தோ கதையிலிருந்தோ ஒரு பக்கம். மூன்றாவதுக்குப் பொதுவாக ஒரு விஷயத்தைச் சொல்லி, நீ படித்த ஒரு நாவலையோ நாடகத்தையோ வைத்து எழுது என்பார்கள். ஞாபகப்படுத்த ஒரு நீண்ட பட்டியலும் தருவார்கள். ஜும்பா லஹிரியின் 'தி நேம்சேக்', அருந்ததி ராயின் 'தி காட் ஆஃப் ஸ்மால் திங்ஸ்' எல்லாம் அதில் வந்ததுண்டு. பட்டியலில் இல்லாத புத்தகத்தையும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பரீட்சை ஹாலில் புத்தகம் கையில் இருக்காது. மனசில் இருக்க வேண்டும்.

'எது ஈஸி?' என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். லாங்கை வருஷத்துக்கு ஐந்து லட்சம் பிள்ளைகளுக்கு மேல் எழுதுகிறார்கள். லிட்டுக்கு அதைவிடக் குறைச்சல். மூன்றும் அதற்கு மேலும் வாங்கியவர்கள் லாங்கில் 2024ல் நூற்றுக்குச் சுமார் 55 பேர். 2025ல் அது எழுபதைத் தாண்டிவிட்டது. ஒரே வருஷத்தில் பிள்ளைகள் எல்லாரும் புத்திசாலியாகிவிடவில்லை. மார்க் நிர்ணயிக்கும் முறையை மாற்றினார்கள். லிட்டில் அந்த ஏற்றம் 2022லேயே வந்துவிட்டது. ஆகவே எது ஈஸி என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பது, போன வருஷத்து மழையைப் பார்த்து இந்த வருஷம் குடை வாங்குகிற கதை.

* * *

சரி, ஐந்தொகைக்கு வருவோம்.

ஒன்று: செலவு. 2025ல் அமெரிக்காவில் ஒரு ஏ.பி. பரீட்சைக்குக் கட்டணம் 99 டாலர். லாங், லிட் இரண்டுக்கும் ஒரே ரேட்.

இரண்டு: வரவு. அக்கா பெண் குறி வைத்திருப்பது யு.சி. எனப்படும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலீஸ், சான் டியேகோ எல்லாம் அதன் கிளைகள். அங்கே லாங்கில் மூன்று வாங்கினாலும் 8 குவார்ட்டர் யூனிட். லிட்டில் மூன்று வாங்கினாலும் அதே 8. இரண்டிலும் வாங்கினால்? பதினாறு என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. இரண்டும் சேர்த்தும் அதிகபட்சம் 8தான்! நுழைந்ததும் காட்ட வேண்டிய எழுத்துத் தகுதி ஒன்று உண்டு. அதுவும் இரண்டில் எதில் மூன்று வாங்கினாலும் தீர்ந்துவிடும்.

(குவார்ட்டர் என்றதும் சில வாசகர்கள் நிமிர்ந்து உட்காருவது தெரிகிறது. இது பருவம் சார். பெர்க்லியும் மெர்செட்டும் தவிர மற்ற கிளைகளில் வருஷத்தை அப்படித்தான் பிரிக்கிறார்கள்.)

மூன்று: மிச்சம். டிகிரிக்கு 180 குவார்ட்டர் யூனிட் வேண்டும். நாலு வருஷத்தில் முடிக்க ஒரு பருவத்துக்கு 15. ஆக 8 என்பது அரை குவார்ட்டர்தான். முழு நேர மாணவருக்குக் கட்டணம் பாடத்துக்கு இவ்வளவு என்று இல்லை, பருவத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாக. உள்ளூர்ப் பிள்ளைக்குக் கல்விக் கட்டணம் மட்டும் வருஷத்துக்குச் சுமார் 15,000 டாலர். ஒரு பாடம் குறைந்தது என்பதற்காகப் பில்லில் பத்து பைசா குறையாது. மற்ற ஏ.பி. கிரெடிட்டுகளும் சேர்ந்து முழுசாக ஒரு பருவம் முன்னால் டிகிரியை முடித்தால்தான் பணம் மிச்சம்.

நாலு: மாற்று வழி. கலிஃபோர்னியாவில் உள்ளூர் கம்யூனிட்டி காலேஜில் ஒரு யூனிட்டுக்கு 46 டாலர்தான். மூன்று யூனிட் இங்கிலீஷ் பாடம் 138 டாலர். பரீட்சைக் கட்டணத்துக்கும் அதற்கும் வித்தியாசம் 39 டாலர்! பள்ளியில் படித்துக்கொண்டே அங்கே சேருகிற பிள்ளைகளுக்குப் பல இடங்களில் அந்தக் கட்டணமும் கிடையாது.

ஐந்து: வேறு இடத்தில் வேறு சட்டம். டெக்ஸாஸில் 2015ல் கொண்டுவந்த சட்டப்படி அரசுக் கல்லூரிகள் பொதுவாக மூன்று மார்க்குக்கே கிரெடிட் தர வேண்டும். தனியாரில் ஒரு பாடத்தின் விலையே பல ஆயிரம் டாலர் ஆகும். மிச்சமும் பெரிசு, கிரெடிட் கொடுத்தால்! டார்ட்மத் கல்லூரி 2014ல் சேர்ந்தவர்கள் முதல் ஏ.பி.க்கு கிரெடிட் கொடுப்பதையே நிறுத்திவிட்டது. ஒரே பல்கலைக்கழகத்துக்குள்ளேயே இன்ஜினியரிங்குக்கு ஒரு விதி, கலைப் பிரிவுக்கு வேறு விதி என்பதும் உண்டு. எந்தக் கல்லூரியில் இடம் கிடைக்கும் என்பது அடுத்த வருஷம்தான் தெரியும். பாடத்தை இப்போதே தேர்ந்தெடுக்க வேண்டும். முகூர்த்தம் குறித்துவிட்டுப் பெண் பார்க்கப் போகிற மாதிரி!

ராத்திரி சாப்பாட்டு மேஜையில் கணக்கை வைத்தேன். ''அத்தான், உங்க பொண்ணு போக நினைக்கிற இடத்துக்கு லாங்கும் லிட்டும் ஒரே வரவு. பணத்தை வச்சு எந்தப் பக்கமும் பேச முடியாது.''

அத்தான் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கூட்டல் சரியாக இருந்தது. ஒன்றும் பேசாமல் எழுந்து கை கழுவப் போனார்.

* * *

பணம் காரணமில்லை என்று ஆன பிறகும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. எனக்கு ஆச்சரியம். அக்கா தூங்கப் போன பிறகு, சமையலறையில் பாத்திரத்தை டிஷ்வாஷரில் அடுக்கிக்கொண்டே அவராகவே ஆரம்பித்தார்.

''பதினேழு வருஷம் மாப்ளே. மீட்டிங்லே பாயிண்ட் என் மனசுக்குள்ளேயே இருக்கும். அது வாய்க்கு வர்றதுக்குள்ளே பக்கத்து சீட்காரன் அதையே நாலு வார்த்தையிலே அழகாச் சொல்லிட்டுப் போயிடுவான். ஆள் குறைக்க லிஸ்ட் போட்டாங்க பாரு, அப்பவும் என் வேலையிலே குறை சொல்ல ஒண்ணும் இல்லை. எனக்காகப் பேசத்தான் ஆள் இல்லை. நானும் பேசலை. என்னன்னு பேசறதுன்னே தெரியலை. அவ அப்படி நிக்கக்கூடாது.''

நான் ஒரு தட்டை எடுத்துக் கொடுத்தேன். வேறு என்ன சொல்ல?

ஆபீஸில் வேலை பார்க்கிற உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இன்க்ரிமென்ட் கேட்க வேண்டிய நாளில் மானேஜர் அறை வரை போய், ''லீவு லெட்டர் கையெழுத்து சார்'' என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! நம் பிசினஸ் கம்யூனிகேஷன் பாடத்தில் சரக்கு உடைந்து வந்தால் புகார்க் கடிதம் எழுதச் சொல்லிக் கொடுத்தார்கள். நாம் உடைந்தால் என்ன எழுதுவது என்று அதில் இல்லை.

மறுநாள் அக்கா பெண்ணோடு லைப்ரரிக்கு நடந்து போனேன். ''ஏன் கண்ணு, அப்பா சொல்றதும் நியாயம்தானே? உனக்கு ஏன் லிட்?''

கொஞ்ச தூரம் சும்மா நடந்தாள். பிறகு அவளுடைய தமிழில் சொன்னாள்.

''மாமா, அப்பாக்கு வேலை போச்சுல்ல, அன்னிக்கு வீட்டுக்கு வந்து டிஷ்வாஷரை ரிப்பேர் பண்ணாங்க. பட், அது ரிப்பேரே ஆகலை மாமா. நல்லாத்தான் ஓடிட்டிருந்தது. அம்மா, 'எதுக்கு இதைப் பிரிச்சுப் போடறீங்க'ன்னு திட்டினாங்க. எனக்கு மட்டும் சம்திங் ஆயிடுச்சுன்னு தெரிஞ்சுது. நாவல்ல அப்படித்தான் வரும். யாரும் 'ஐ யாம் சேட்'னு சொல்ல மாட்டாங்க. எதையாவது கழட்டிட்டு இருப்பாங்க.''

''அப்பாகிட்ட கேட்டியா?''

''இல்லை. ஸ்க்ரூ எடுத்துக் கொடுத்தேன்.''

என் ஐந்தொகையில் இந்த இரண்டு ஐட்டத்துக்கும் இடம் இல்லை. ஒருவருக்கு, சொல்ல வேண்டியதைச் சொல்லத் தெரிய வேண்டும். இன்னொருவருக்கு, சொல்லாததைப் படிக்கத் தெரிய வேண்டும். காலேஜ் போர்டு அதை இரண்டு பரீட்சையாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒரு வீட்டுக்குள் இரண்டும் ஒரே நாளில் தேவைப்படுகிறது.

அன்று மாலை நான் ஒரு காரியம் செய்தேன். ஸ்க்ரூ விஷயத்தை அத்தானிடம் சொன்னேன். மீட்டிங் விஷயத்தை அவளிடம் சொன்னேன். சொல்லிவிட்டு, 'தலை வலிக்குது' என்று மாடிக்குப் போய்விட்டேன். கீழே ரொம்ப நேரம் பேச்சுக் குரல் கேட்டது. லைட்டும் எரிந்துகொண்டே இருந்தது. அத்தான் வீட்டில் அது பெரிய விஷயம்!

காலையில் படிவத்தில் லிட்டுக்கு எதிரே 'டிக்'. கீழே அத்தான் கையெழுத்து. பக்கத்தில் இன்னொரு தாள்: பள்ளியின் டிபேட் குழுவில் சேர விண்ணப்பம். வாதாடக் கற்றுக்கொள்ள பரீட்சைதான் எழுத வேண்டும் என்று இல்லையே, அதற்கு வாரத்தில் இரண்டு சாயங்காலம் போதும் என்று அவளே சொன்னாளாம். அப்பாவை வழிக்குக் கொண்டுவந்த விதத்தைப் பார்த்தால் அவளுக்கு அந்தப் பயிற்சி எதற்கு என்று தோன்றியது.

* * *

இதைப் படிக்கிற தம்பிகளில் சிலருக்கு அங்கே அக்காவோ அண்ணனோ இருக்கலாம். நாளைக்கு நீங்களே விசா வாங்கிப் போகலாம். பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டால் இதை மனசில் வையுங்கள். முதலில், பிள்ளை போக விரும்பும் நாலைந்து கல்லூரிகளின் ஏ.பி. கிரெடிட் விதிகளைத் தேடிப் படியுங்கள். எந்தப் பாடத்துக்கு, எத்தனை மார்க்குக்கு, எந்தப் பிரிவில் என்று வரி வரியாக. இரண்டுக்கும் வேறு வேறு பலன் இருந்தால், அந்தக் கணக்குக்கு மரியாதை கொடுங்கள். பலன் ஒன்றே என்றால், பென்சிலைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளை எதற்காக அதைக் கேட்கிறது என்று விசாரியுங்கள். அப்பா எதற்காக மறுக்கிறார் என்றும் விசாரியுங்கள். இரண்டு பேரும் முதலில் சொல்கிற காரணத்தை நம்பாதீர்கள்.

ஊர் திரும்பி இரண்டு மாசம் கழித்து அத்தான் போன் செய்தார். அந்தக் காந்தி கேள்வித்தாளைப் பெண் பிரின்ட் எடுத்துக் கொடுத்தாளாம். பென்சிலால் கோடு போட்டுப் படித்திருக்கிறார். பிறகு மானேஜருக்கு ஒரு மெயில் எழுதினாராம். பணிவாக ஆரம்பித்து, நடுவில் கணக்கு வைத்து, கடைசியில் கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேட்டு.

''பதில் வந்துச்சா அத்தான்?''

''வந்துச்சு. 'லெட்ஸ் டாக்'னு ரெண்டே வார்த்தை. அது நல்லதுக்கா கெட்டதுக்கான்னு புரியலை மாப்ளே.''

''அதுக்கென்ன, வீட்டிலேயே ஒருத்தி லிட் எடுத்திருக்காளே. அவகிட்டே காட்டுங்க!''